கோட்டை போச்சு, தண்ணி நின்னுச்சு: புதுச்சேரி பாரதி பூங்காவின் கதை

எக்கியார்குப்பத்துல இருந்து ஈசிஆர்ல தெற்கே வந்தா, ஒரு மணி நேரத்துக்குள்ள புதுச்சேரி. அங்க பாரதி பூங்கா நடுவுல ஒரு வெள்ளை மண்டபம் நிக்குது. நிறைய பேர் செல்ஃபி எடுத்திருப்போம். அது யாருக்காகக் கட்டினதுன்னு கேட்டிருக்கோமா?

முதல்ல இடத்தைப் பாப்போம். இந்தப் பகுதியிலதான் பிரெஞ்சுக்காரங்களோட லூயி கோட்டை இருந்தது. ஐந்து முனைக் கோட்டை, 1706ல திறந்தாங்க. 1761 ஜனவரியில நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. கோட்டையை இடிச்சுத் தரைமட்டம் ஆக்கிட்டாங்க. 1765ல ஊர் திரும்பக் கிடைச்சதும், கவர்னர் லா தெ லோரிஸ்தோன் காலத்துல நகரத்தை மறுபடி கட்டினாங்க. கவர்னர் மாளிகையும் எழுந்தது. அதுதான் பின்னாடி ராஜ் நிவாஸ் ஆச்சு. அதுக்கு எதிர்ல இருக்கிறதுதான் இந்தச் சதுக்கம்.

இப்போ மண்டபத்துக்கு வருவோம். நாலு பக்கமும் வளைவு, தூண்கள், சுத்தமான கிரேக்க, ரோமானிய பாணி. ரோம்ல இந்த மாதிரி வளைவு கட்டினா, போர்ல ஜெயிச்சதுக்காகக் கட்டுவாங்க. இங்க கட்டினது குடிதண்ணி வந்ததுக்காக!

மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில, 1860கள்ல, மேற்கே இருக்கிற முத்திரப்பாளையத்துல இருந்து வாய்க்கால் வழியா நகரத்துக்கு நல்ல தண்ணி கொண்டு வந்தாங்க. அங்க இருக்கிற குளத்துக்கு ஒரு கதை உண்டு. ஆயிங்கிற தாசியோட வீட்டை, விளக்கு வெளிச்சத்தைப் பாத்துக் கோயில்னு நினைச்சு ஒரு அரசர் கும்பிட்டுட்டாராம். கிருஷ்ணதேவராயர்னு சொல்வாங்க. உண்மை தெரிஞ்சதும் கோபத்துல இடிக்கச் சொல்லிட்டார். ஆயி, ‘நானே இடிக்கிறேன்’னு கேட்டு வாங்கி, அதே இடத்துல ஊருக்குக் குளம் வெட்டினாங்க.

வாய்க்கால் வரலாறு. ஆயி கதை வாய்மொழி. ரெண்டையும் குழப்பிக்க வேணாம். ஆனா ஒண்ணு கவனிங்க. பாரிஸ்ல வாந்தோம் சதுக்கத்துத் தூண் மேல நிக்கிறது மூன்றாம் நெப்போலியனோட பெரியப்பா, முதலாம் நெப்போலியன். இங்க அவர் காலத்து மண்டபத்துக்கு ஊர் வச்ச பேரு ஆயி மண்டபம். பின்னாடி புதுச்சேரி அரசு முத்திரையிலயும் அதுவே ஏறிடுச்சு.

மரக்காணம் உப்பளக்காரங்களுக்கு இது சொல்லாமலே புரியும். கடற்கரை ஊர்ல கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும் தண்ணிதான், குடிக்கத்தான் முடியாது. அதனாலதான் கோட்டை கட்டினவங்க பேரு பரீட்சைக்கு மட்டும் தேவைப்படுது. தண்ணி கொடுத்தவங்க பேரை ஊரே சொல்லுது.