‘ஓவர்ஆ’ என்றால் என்ன? பயமுறுத்துவதற்கும் பணிய வைப்பதற்கும் நடுவே ஒரு சட்டச் சொல்

அரசுக்கு எதிரான சதி வழக்குகளில் ‘அரசை அச்சுறுத்தச் சதி’ என்று செய்தி வருகிறதே, அதன் ஆங்கில மூலத்தில் இருக்கும் வினைச்சொல் ‘ஓவர்ஆ’. (‘ஓவரா பண்ணாதே’ என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) ‘அச்சுறுத்து’ என்று போட்டால் பாதி அர்த்தம்தான் வருகிறது.

இதன் வேர்ச்சொல் ‘ஆ’. பயமும் வியப்பும் கலந்த உணர்வு. இன்ஸ்டாவில் ‘ஆசம்’ என்று கமென்ட் போடுகிறோமே, அதுவும் இதே வேரில் பிறந்ததுதான். எதிரே இருப்பவரின் பிரமாண்டத்தையோ அதிகாரத்தையோ பார்த்து ஒருவர் வாயடைத்து அடங்கிப்போவதே ‘ஓவர்ஆ’ ஆவது. மிரட்டல் வார்த்தை ஒன்றுகூடத் தேவையில்லை. லார்ட்ஸில் முதல் டெஸ்ட் ஆடும் பையனுக்குக் கால் நகராமல் போகலாம். இன்டர்வியூ பேனலைப் பார்த்ததும் நமக்குப் பெயரே மறந்துபோகலாம். அதிலெல்லாம் குற்றம் எதுவும் இல்லை.

சட்டத்தில் கதை வேறு. இந்திய தண்டனைச் சட்டத்தில் 1870-ல் சேர்க்கப்பட்ட 121ஏ பிரிவு இப்போது பிஎன்எஸ் 148. குற்றமான பலப்பிரயோகத்தால், அல்லது அப்படிப்பட்ட பலத்தைக் காட்டி, மத்திய அல்லது மாநில அரசை ‘ஓவர்ஆ’ செய்யச் சதி செய்தாலே ஆயுள் தண்டனை வரை போகலாம். சதியின்படி எதுவும் நடந்திருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. இதே வினைச்சொல் சட்டவிரோதக் கூட்டம் பற்றிய 189-வது பிரிவிலும் இருக்கிறது; அங்கே வெறும் உறுப்பினராக இருந்ததற்கு 6 மாதம் வரைதான். யுஏபிஏ-வின் 15-வது பிரிவில் வரும்போதோ அது பயங்கரவாதச் செயல். அந்தச் சட்டத்தில் குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று தெரிந்தாலே ஜாமீன் கிடைக்காது. ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் ஒருவரின் பல வருடங்கள் அடங்கியிருக்கலாம்.

எங்கே கோடு? 1951-ம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வரும் பாட்னா உயர் நீதிமன்றத் தீர்ப்பு இதற்கு அதிகம் காட்டப்படுகிறது. பதற்றமோ பீதியோ உண்டானால் மட்டும் போதாது. பலத்துக்குப் பணிவது, இல்லையேல் தாங்களோ மக்களோ பெரிய ஆபத்தைச் சந்திப்பது என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைக்கு அரசு தள்ளப்பட வேண்டும் என்பது அதன் சாரம். ஆக, லட்சம் பேர் திரண்டு கோஷம் போட்டு அரசைத் திணறடித்தால், அது மட்டுமே ‘ஓவர்ஆ’ ஆகாது. யாரையும் தொடாமல் ஆயுதத்தோடு வந்து நின்றால்? ‘பலத்தைக் காட்டி’ என்ற சொற்களில்தான் சிக்கலே.

தமிழில் நெருங்கி வருவது ‘மருட்டு’. தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளில் மருட்கை என்றால் வியப்பு; அச்சம் தனி. இன்று ‘மருட்டு’ என்றால் பயமுறுத்துவது. இரண்டு உணர்வையும் தொட்டு வந்த சொல். ஆனால் செய்தித் தலைப்புக்கு ‘அரசைப் பலம் காட்டிப் பணிய வைக்கச் சதி’ என்பதே என் சாய்ஸ். கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.