வன்னிப் பாட்டும் பெயரற்ற பாடகரும்

ஈழத்து வடபுல இசைவரலாற்றை எழுதுவோர் அளவெட்டியிலும் இணுவிலிலும் தொடங்குவது வழக்கம். தவில் மேதை தட்சிணாமூர்த்தி, நாதஸ்வரக் கலைஞர் என். கே. பத்மநாதன் எனப் புகழ்பெற்ற பெயர்கள் அங்கே நிரம்ப உண்டு. அந்த அளவுகோலோடு ஆனையிறவு தாண்டி வன்னிக்குள் வருபவருக்கு அகப்படும் பெயர்கள் சிலவே. இதை இசை வறுமையாகக் கொள்வது தவறு என்பதே என் வாதம். வன்னியில் பாட்டு தொழிலோடும் நேர்த்திக்கடனோடும் பிணைந்தது. பாடியவருக்குத் தனிப்புகழ் தேவைப்படவில்லை.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலுள்ள முரசுமோட்டை, இரணைமடுத் தண்ணீரில் நெல் விளைக்கும் ஊர். இத்தகைய வயலூர்களின் அருவிவெட்டில், அதாவது நெல் அறுவடையில், ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். தாக்கத்தியோடு நிரையில் நிற்பவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். பிடி அறுத்து உப்பட்டியாகக் கிடத்தும் கைவீச்சே பாட்டின் தாளம். பிந்துபவரை நிரையோடு சேர்த்து இழுப்பதும் அந்தத் தாளந்தான். பண்டிப்பள்ளும் குருவிப்பள்ளும் வயலை அழிக்கும் பன்றியையும் கதிர் கொத்தும் குருவியையும் பாட்டுப்பொருளாக்கின. பள்ளு இலக்கியத்தை இவ்வளவு துணிவாகக் காவல்கொட்டிலுக்குள் இறக்கியவர்களை நாம் இன்னும் உரியபடி மதிக்கவில்லை. யானையை அடக்கிக் கட்டிய அரியாத்தைமீது எழுந்த ஒப்பாரியும் அப்படியே: அரியாத்தையை ஊர் அறியும், பாட்டைக் கட்டியவரை ஊர் கேட்பதில்லை.

கோயில்சார்ந்த கூத்துகளின் நிலை வேறு. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வைகாசிப் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரியும். அந்தக் கண்ணகையின் கதையே முள்ளியவளையின் கோவலன் கூத்து. அதன் ஆட்டமுறையை முல்லைமோடி என்பர். அண்ணாவியாருக்கு மதிப்பு உண்டு, ஆனால் அது அம்மனுக்குச் செய்யும் கடமைக்கான மதிப்பு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' மூலம் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோது கூத்துக்குப் புதிய பார்வையாளர் கிடைத்தனர். வன்னிக் கூத்துகளுக்கு அந்த வெளிச்சம் போதியளவு கிட்டவில்லை. அது இழப்புத்தான்.

வயற்பாட்டுக்கும் கோயிற்கூத்துக்கும் இடையிலான வேறுபாடு போருக்குப் பின்னர் துலக்கமாயிற்று. 2009இல் சனம் பரந்தன்–முல்லைத்தீவு வீதிவழியே கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தது. மீள்குடியேற்றத்தோடு பொங்கல் திரும்பியது. காத்தவராயன் சிந்துநடைக் கூத்தும் திரும்பியது. அருவிவெட்டுப் பாட்டு வயலுக்குத் திரும்பவில்லை. அதைப் போர் மட்டும் அழித்ததாகச் சொல்ல முடியாது. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியதும் நிரை கலைந்தது. அடியெடுப்பவருக்கு வேலையில்லாமற் போயிற்று. நேர்த்திக்கடனை இயந்திரம் செய்யாது, ஆகவே கூத்து நிலைத்தது.

பண்பாட்டு விழா மேடைகளில் அருவிவெட்டு இன்று நடனமாக வருகிறது. ஒலிவாங்கியின் முன் பாடும்போது சொற்கள் எஞ்சுகின்றன. ஆனால் தாக்கத்தியின் வேகம் போய்விடுகிறது. கையால் அருவி வெட்டிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காலபோக விளைச்சலில் ஒரு துண்டு வயலை இயந்திரத்துக்கு விடாமல் வைத்து, அவர்களை நிரையில் நிறுத்தி, வெட்டும் கையையும் பாட்டையும் ஒருங்கே காணொளியில் பதிவதே ஆய்வாளர் உடனடியாகச் செய்யவேண்டிய வேலை.