தூக்கம் கெடுக்கும் கரப்பான்: குழந்தைகளின் இரவு நேர அரிப்பைக் கட்டுப்படுத்துவது எப்படி?

சிறு குழந்தைகளைப் பாதிக்கும் கரப்பான் எனப்படும் எக்ஸிமா, உயிருக்கு ஆபத்தான நோய் அல்ல. ஆனால், இரவில் அதிகரிக்கும் அரிப்பு குழந்தையின் தூக்கத்தையும், அதன் விளைவாகப் பெற்றோரின் தூக்கத்தையும் மாதக்கணக்கில் பறித்துவிடுகிறது. முறையான தோல் பராமரிப்பின் மூலம் பெரும்பாலான குழந்தைகளிடம் இதைக் கட்டுக்குள் வைக்க முடியும்.

குழந்தைகளிடம் பரவலாகக் காணப்படுவது 'அடோபிக் டெர்மடைட்டிஸ்' என்ற வகை. இது தொற்றாது. பெரும்பாலும் 5 வயதுக்குள், பலருக்கு முதல் ஆண்டிலேயே தொடங்கும். கைக்குழந்தைகளுக்குக் கன்னம், தலை ஆகிய இடங்களிலும், வளர்ந்த பின் முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களிலும் தோன்றும். தோலின் மேலடுக்கைக் காக்கும் 'ஃபிலாக்ரின்' புரதம் சிலருக்கு மரபணு காரணமாகக் குறைவாக இருப்பதால், ஈரப்பதம் எளிதில் வெளியேறித் தோல் வறண்டுவிடுகிறது.

இரவில் ஏன் அதிகரிக்கிறது?

அழற்சியைத் தணிக்கும் கார்டிசால் சுரப்பு இரவில் குறைகிறது. தோலின் வெப்பமும், தோல் வழியே நீர் வெளியேறும் அளவும் கூடுகின்றன. கவனத்தைத் திசைதிருப்ப விளையாட்டும் இல்லை. சொறியச் சொறியத் தோல் மேலும் புண்ணாகி, அரிப்பு மீண்டும் பெருகுகிறது.

எனவே, சிகிச்சை படுக்கையில் அல்ல, மாலைக் குளியலிலேயே தொடங்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடங்கள் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காயும் முன் சில நிமிடங்களுக்குள் மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூச வேண்டும். உடல் முழுவதும் தினமும் இருமுறை பூசினால், வாரத்துக்கு 100 முதல் 200 கிராம் வரை செலவாகும். சிறிய குப்பி ஒன்று ஒரு மாதத்துக்கு வருகிறது என்றால், பூசுவது போதவில்லை என்று பொருள். வாசனை சேர்க்காத, விலை குறைந்த க்ரீமே போதுமானது. வட மாநிலங்களில் குழந்தைகளுக்குத் தேய்க்கப்படும் கடுகு எண்ணெய் இத்தகைய தோலை உறுத்தக்கூடும். கம்பளி ஆடையை நேரடியாக உடலில் படும்படி அணிவிக்காமல், உள்ளே பருத்தி ஆடை அணிவிப்பது நல்லது. நகங்களை ஒட்ட வெட்டிவிட வேண்டும்.

ஸ்டீராய்டு: அச்சமும் அலட்சியமும்

தோல் சிவந்து தடித்துவிட்டால் மாய்ஸ்சரைசர் மட்டும் போதாது. மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பு தேவைப்படும். பெயரைக் கேட்டதுமே அஞ்சிப் பாதியில் நிறுத்தும் பெற்றோர் ஒருபுறம். மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் பூசுவோர் மறுபுறம். இரண்டாவதே இந்தியாவில் பெரிய சிக்கல். ஸ்டீராய்டுடன் பூஞ்சை எதிர்ப்பு மருந்தையும் ஆன்டிபயாடிக்கையும் கலந்த களிம்புகள் குழந்தையின் மென்மையான தோலை மெலிவடையச் செய்துவிடும். 2018-ம் ஆண்டு 14 வகை ஸ்டீராய்டு தோல் மருந்துகளை, மருந்துச் சீட்டின்றி விற்கக் கூடாத 'எச்' அட்டவணையில் மத்திய அரசு சேர்த்ததும் இதனால்தான்.

அளவுக்கு எளிய கணக்கு உண்டு. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு சுமார் அரை கிராம். அது பெரியவரின் இரு உள்ளங்கை அளவுள்ள இடத்துக்குப் போதும். தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி சிரப்புகள் எக்ஸிமா அரிப்பைப் பெரிதாகத் தணிப்பதில்லை. குறிப்பாக, 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அவற்றைத் தாமாகக் கொடுக்கக் கூடாது. பால், முட்டை போன்றவற்றையும் மருத்துவ ஆலோசனையின்றி நிறுத்தினால் ஊட்டச்சத்துக் குறைபாடே மிஞ்சும்.

சொறியாகவும் இருக்கலாம்

இரவு அரிப்பு அனைத்தும் எக்ஸிமா அல்ல. வீட்டில் மற்றவர்களுக்கும் அரிப்பு இருந்தால், விரல் இடுக்குகளிலும், கைக்குழந்தையாக இருந்தால் உள்ளங்கை, உள்ளங்கால்களிலும் கொப்புளங்கள் தெரிந்தால், நுண்ணிய உண்ணிகளால் வரும் சொறி என்ற ஸ்கேபிஸாக இருக்கக்கூடும். இது தொற்றக்கூடியது. அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நேரத்தில் சிகிச்சை பெறாவிட்டால் மீண்டும் வரும். இதற்கு ஸ்டீராய்டு பூசினால் அறிகுறிகள் மறைந்து, நோயைக் கண்டறிவது தாமதமாகும்.

எக்ஸிமா உள்ள தோலில் மஞ்சள் நிறப் பொருக்கு, சீழ் தோன்றினால் மருத்துவரை அணுக வேண்டும். காய்ச்சலுடன் வலிமிகுந்த சிறு கொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றினால் அது ஹெர்பிஸ் வைரஸ் தொற்றாக இருக்கக்கூடும் என்பதால், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.