முழுமதி முகமும் முடியலங்காரமும்



அண்மையில் பள்ளி ஆண்டிதழுக்காக வகுப்புப் படம் எடுத்தோம். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்து நின்றாள். காரணம் கேட்டேன். "எனக்கு வட்ட முகம், டீச்சர். படத்துல நல்லா இருக்காது" என்றாள். பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு வட்ட முகம் ஒரு குறை என்று கற்பித்தவர் யார்? இக்கேள்வியே இப்பதிவுக்குக் காரணமாயிற்று.

தமிழ் மரபில் வட்ட முகம் குறையன்று; அஃது அழகின் அளவுகோல். திருக்குறளில் 'நலம்புனைந்துரைத்தல்' அதிகாரத்தைப் பாருங்கள். நிலவு எது, தலைவியின் முகம் எது என அறியாமல் விண்மீன்கள் கலங்குவதாகத் தலைவன் வியக்கிறான். மதிமுகம் என்னும் சொல்லும் இவ்வுவமையில் பிறந்ததே.

கூந்தலுக்கு நம் முன்னோர் தந்த பெயர்களுள் ஒன்று 'ஐம்பால்'. ஐந்து வகையாக முடிக்கப்படுவதால் அப்பெயர். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என அவற்றை வகுப்பர். இப்பட்டியல் நூலுக்கு நூல் சற்று வேறுபடும். ஒரே கூந்தலைப் பல விதமாக முடிக்கலாம் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் உமையம்மையின் கன்னங்கள் திரண்டிருக்கும். தலைமேல் மகுடம் உயர்ந்து நிற்கும். திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் கொண்டையோ ஒருபுறம் சாய்ந்திருக்கும். இன்றைய ஒப்பனைக் கலைஞர்கள் வட்ட முகத்திற்குச் சொல்லும் அறிவுரைகள் இரண்டு: உச்சியில் உயரம் கொடுங்கள், ஒருபுறம் சாய்த்து வாருங்கள். இவ்விரண்டும் நம் கோயில்களில் முன்பே இருக்கின்றன. ஆயினும், அங்கே முகத்தை மறைக்கும் நோக்கம் இல்லை. சிறப்பிக்கும் நோக்கமே உண்டு.

நம் பினாங்கிலும் இதற்குச் சான்று உண்டு. ஜார்ஜ் டவுனில் சர்ச் வீதியிலுள்ள பெரானாக்கான் மாளிகைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அக்கால நியோன்யா பெண்கள் கூந்தலை வாரி உயர்த்திச் 'சங்குல்' எனும் கொண்டையிட்டு, ஊசிகள் செருகி அழகு செய்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் கத்தரிக்கோல் பெண்களின் கூந்தலுக்கும் வந்தது. 1920களில் மேலைநாட்டுப் பெண்கள் 'பாப்' வெட்டுக்கு மாறினர். 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கி மலாயாவில் சுற்றுப்பயணம் செய்த தந்தை பெரியாரும், பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும் என வலியுறுத்தியவர். அவர் பேசியது விடுதலையும் வசதியும் பற்றியே. முகத்தின் வடிவம் அங்கே ஒரு பொருட்டன்று.

முகத்தின் 'குறையை' மறைக்க முடி வெட்டும் வழக்கத்தைப் பரப்பியதில் திரைப்படத்திற்குப் பெரும்பங்கு உண்டு எனலாம். 1960இல் வெளிவந்த 'லவ் இன் சிம்லா' இந்திப் படத்தில் நடிகை சாதனாவின் நெற்றி அகலமாகத் தெரிந்தது. ஆங்கில நடிகை ஆட்ரி ஹெப்பர்னைப் போல நெற்றியில் முடி விழும்படி வெட்டச் செய்தார் இயக்குநர் ஆர்.கே. நய்யார். அதுவே 'சாதனா கட்' எனப் பெயர் பெற்று இந்தியாவெங்கும் பரவியது. இதில் ஒரு பாடம் இருக்கிறது. அந்த வெட்டு அகன்ற நெற்றிக்காகச் செய்யப்பட்டது. நெற்றி முழுதும் நேராக விழும் முடி, வட்ட முகத்தை இன்னும் குறுக்கி அகலமாகக் காட்டும். தம் முகத்தைக் கண்ணாடியில் பார்க்காமல் நடிகையின் முகத்தைப் பார்த்து வெட்டிக்கொண்டவர்களுக்கு அது பொருந்தாமல் போனதில் வியப்பில்லை.

அப்படியானால் வட்ட முகத்திற்கு எது பொருந்தும்? முகத்தின் நீளமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், நீளத்தை மிகுத்துக் காட்டுவதே வழி. நேர் வகிட்டைவிடக் கோண வகிடு நன்று. முடி தாடைக்குக் கீழே இறங்கி, அடுக்கடுக்காக அமையலாம். தாடையோடு ஒரே மட்டமாக வெட்டினால் கன்னம் பருத்துத் தோன்றும். குட்டையாக வெட்ட விரும்பினால், பக்கங்களில் அடக்கி உச்சியில் சற்று அடர்த்தி விடலாம். ஆண் பிள்ளைகளுக்கும் இதுவே பொருந்தும். பள்ளிக்கு இரட்டைச் சடை பின்னும்போதும் கோண வகிடு எடுக்கலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை.

பெற்றோர்களே, முடிதிருத்தும் நிலையத்திற்கு அழைத்துச் செல்லும் முன் பிள்ளையிடம் என்ன சொல்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். 'பூசணிக்காய் முகம்' என்று உறவினர் விளையாட்டாகச் சொல்வதைப் பிள்ளை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. "உன் முகத்துக்கு இது எடுப்பாக இருக்கும்" என்பதற்கும், "உன் கன்னத்தை இது மறைக்கும்" என்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

அன்று அந்த மாணவியை முன்வரிசைக்கு அழைத்துவர என்னால் இயலவில்லை. படத்தில் அவள் முகம் பாதிதான் தெரிகிறது. மறுநாள் அவளிடம் விண்மீன்கள் கலங்கிய கதையைச் சொன்னேன். "உண்மையாவா, டீச்சர்?" என்று கேட்டாள். இதைக் கொஞ்சம் முன்னரே சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. நீங்கள் முன்னரே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
பாயான் லெப்பாசிலிருந்து ஓர் ஆசிரியை