எடையே வலிமை: பெரியாறு அணையும் மதிப்புப் பகுப்பாய்வும்

கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்வயல்களைப் பார்த்திருக்கிறீர்களா? அவற்றுக்குப் பாயும் நீரில் பெரும்பகுதி, மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்திருக்க வேண்டிய பெரியாற்று நீராகும். அதைக் கிழக்கே திருப்பிய அணையின் வேலை 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது.

இன்று பெரிய கட்டுமானங்களைத் தொடங்குமுன் பொறியாளர், கணக்கர், பயன்படுத்துவோர் எனப் பலரும் ஒன்றுகூடித் திட்டத்தை அலசுகின்றனர். இதை மதிப்பு மேலாண்மைப் பட்டறை என்பர். இரண்டாம் உலகப்போர்க் காலப் பொருள் தட்டுப்பாட்டில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு, அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் லாரன்ஸ் மைல்ஸ் என்பவர் 1947இல் இம்முறைக்கு வித்திட்டார். இதன் படிகள் எளியவை. முதலில் தகவல் திரட்ட வேண்டும். பின்னர், “இது என்ன வேலை செய்கிறது?” என்று கேட்க வேண்டும். அதே வேலையைச் செய்யும் மாற்று வழிகளைக் குறை கூறாமல் பட்டியலிட்டு, அதன்பின் அவற்றின் செலவையும் பயனையும் எடை போட வேண்டும்.

இந்த வினாவைப் பெரியாறு அணையிடம் கேட்டுப் பார்ப்போம். அணையின் வேலை என்ன? “நீரைத் தேக்குவது” என்பீர்கள். அது பாதி விடையே. மலையைக் குடைந்த சுரங்க வாயிலை எட்டும்வரை நீர்மட்டத்தை உயர்த்துவதுதான் அதன் முதல் வேலை. 104 அடிக்குக் கீழுள்ள நீர் தமிழகத்துக்கு வருவதில்லை. எந்திரமின்றி நீரை மேலேற்றும் ஏற்றமே இவ்வணை எனலாம்.

அடுத்த வினா: நீரின் தள்ளுவிசையைச் சுவர் எவ்வாறு தாங்குகிறது? 45 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 45 டன் எடைக்கு நிகரான அழுத்தம் உண்டு. அதை எதிர்ப்பது அணையின் எடை. ஆகவே மிகுந்த உறுதியைக் காட்டிலும் எடையும் நீர்க்கசிவின்மையுமே முதல் தேவைகள். அக்காலத்தில் சிமெண்ட் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டிய பொருள். சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் சுட்ட களிமண் தூளும் சேர்ந்த கலவையோ நீருக்குள்ளும் இறுகும். கருங்கல் அருகிலேயே கிடைத்தது. தொடக்கத் திட்டங்கள் மண் அணையையே கூறின. ஆனால் வெள்ளம் மேலே வழிந்தால் மண் அணை கரைந்துவிடும். எனவே பென்னிகுவிக் எழுப்பிய அணையின் இருமுகங்களும் கல்கட்டு. உட்புறம் சுண்ணாம்பு–சுர்க்கிக் கான்கிரீட்.

ஆயினும் மதிப்பீடு ஒருமுறையோடு முடிவதில்லை. 1895இல் பிரான்சின் பூசே அணை உடைந்தது. அடித்தளத்தில் கசியும் நீர் அணையை மேல்நோக்கி உந்தி, அதன் பயனுறு எடையைக் குறைக்கும் என்பதைப் பொறியாளர் பரவலாக உணர்ந்தது அதன் பிறகே. 1979க்குப் பின் பெரியாறு அணையின் உச்சியில் கான்கிரீட் தொப்பியும், உள்ளே எஃகு வட நங்கூரங்களும், பின்புறம் கூடுதல் கான்கிரீட்டும் சேர்க்கப்பட்டன. மீண்டும் எடைதான்! 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை நீர் தேக்க அனுமதித்தது.

செலவேட்டில் ஏறாத கணக்கும் உண்டு. காய்ச்சலில் மாண்ட தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர். அணைக்குக் கீழே வாழும் கேரள மக்களுக்குப் பாதுகாப்பு பெரிது. தேனி, மதுரை உழவர்களுக்கு நீர் பெரிது. ஆகவே, உங்கள் ஊரில் ஒரு பாலமோ பள்ளியோ எழும்போது, “எவ்வளவு மிச்சம்?” என்பதற்கு முன், “இது யாருக்காக, என்ன வேலை செய்ய வேண்டும்?” என்று கேளுங்கள். விடை சொல்ல வேண்டியவர் அனைவரும் அங்கே இருக்கின்றனரா என்றும் பாருங்கள்.