பனியன் நகரில் கல்லூரித் தேர்வு

நொய்யற்கரைத் திருப்பூரில் பின்னலாடைத் தொழில் வேரூன்றிப் பல்லாண்டுகள் சென்ற பின்பும், பட்டம் நாடிய பிள்ளைகள், 19ஆம் நூற்றாண்டிலேயே கல்லூரி கண்ட கோயமுத்தூருக்கு ரயிலேறியோ விடுதிச் செலவை ஏற்றோ செல்ல வேண்டியிருந்தமையால், உயர்கல்வி வசதி படைத்தோரின் பாத்தியதையாகவே விளங்கிற்று. 1966இல் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும், பின்னர்ப் பெண்களுக்கென எல்.ஆர்.ஜி. அரசு கலைக் கல்லூரியும் தோன்றி, சொற்பக் கட்டணத்தில், வீட்டுச் சோறுண்டே படிக்கும் பாக்கியத்தை உள்ளூரிலேயே அளித்தன.

ஆயினும் சனிக்கிழமைதோறும் கூலி கைக்கு வரும் இவ்வூரில் கல்விக்குத் தடையாக நின்றது கட்டணம் மட்டுமன்று. பனியன் கம்பெனியில் டைலருக்கு உதவும் கைமடியாகச் சேர்ந்த சிறுவன் சில ஆண்டுகளில் டைலராகிக் குடும்பத்தைத் தாங்கிவிடக்கூடுமாதலால், மூன்றாண்டுப் படிப்பு என்பது மூன்றாண்டு வருமானத்தைத் துறப்பதற்குச் சமானமாயிற்று. கடனில் மூழ்கிய இல்லங்களில் இக்கணக்கைப் போட்ட பெற்றோரைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. படிக்க ஆசையிருந்தும் மெஷினில் அமர்ந்த பிள்ளைகளை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

1997இல் ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியால் நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி உதயமானபோது, தொழிலும் படிப்பும் எதிரெதிர் நின்ற பழைய வழக்கு வேறு ரூபம் கொண்டது. அரசுக் கல்லூரியின் சிக்கனமா, ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் உத்தியோகத்தை நோக்கிய தனியார் கல்லூரிச் செலவா என்பதே அதன்பின் பல இல்லங்களில் எழுந்த விசாரம்.