ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கி

ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கி என்பது உண்மையான கைத்துப்பாக்கியின் வடிவத்தையும் அளவையும் ஒத்ததாகச் செய்யப்பட்டு, நெகிழியாலான சிறு உருண்டைக் குண்டுகளைச் சுடும் விளையாட்டுக் கருவி ஆகும். இது 1970களில் ஜப்பானில் தோன்றியது. பொதுமக்கள் கைத்துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் இடம் தராத அந்நாட்டில், துப்பாக்கி ஆர்வலர்களுக்கு இது ஒரு மாற்றாக அமைந்தது. இதன் சுடுதிறன் மிகக் குறைவு. ஆனால் தோற்றத்தில் உண்மைத் துப்பாக்கியிலிருந்து எளிதில் வேறுபடுத்த இயலாது. எனவே இதனைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் சுடுதிறன், தோற்றம் என்ற இரண்டையும் தனித்தனியே கருத்தில் கொள்கின்றன.

இயங்குமுறை

பெரும்பாலான ஏர்சாஃப்ட் துப்பாக்கிகள் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டுகளைச் சுடுகின்றன. பரவலாகப் பயன்படும் குண்டின் நிறை 0.2 கிராம் ஆகும். குண்டைச் செலுத்தும் முறையைக் கொண்டு இத்துப்பாக்கிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

* சுருள்வில் வகை: ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து வில்லை அழுத்த வேண்டும். வில் விடுபடும்போது பிஸ்டன் காற்றை அழுத்திக் குண்டைத் தள்ளும்.
* மின் வகை: மின்கலத்தால் இயங்கும் மோட்டார் வில்லை இழுத்து விடுகிறது.
* வளிம வகை: மேகசினில் நிரப்பப்பட்ட நீர்ம நிலையிலுள்ள வளிமம் ஆவியாகிக் குண்டை உந்துகிறது. பல கைத்துப்பாக்கிகளில் வளிமத்தின் ஒரு பகுதி, துப்பாக்கியின் மேற்பகுதியைப் பின்னோக்கித் தள்ளி, உண்மைத் துப்பாக்கியின் அதிர்வை ஓரளவு உணரச் செய்கிறது.

குழலின் தொடக்கத்தில் உள்ள சிறிய ரப்பர் புடைப்பு குண்டின் மேற்புறத்தில் உரசி, அதற்குப் பின்சுழற்சியைக் கொடுக்கிறது. இதனால் மாக்னசு விளைவின்படி மேல்நோக்கிய விசை உண்டாகி, குண்டு கூடுதல் தொலைவு செல்கிறது.

சட்டக் கட்டுப்பாடுகள்

ஜப்பான்

ஜப்பானில் துப்பாக்கிகளும் வாள்களும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டுப்படுத்தப்படுகின்றன. 1960களில் அங்கு சுட இயலாத உலோக மாதிரித் துப்பாக்கிகள் பரவலாயின. 1971இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, உலோகத்தாலான மாதிரிக் கைத்துப்பாக்கியின் குழல் அடைக்கப்பட வேண்டும். அதன் மேற்பரப்பு வெள்ளை அல்லது மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும். 1977இல் மாதிரித் துப்பாக்கிகள் மீதான கட்டுப்பாடு மேலும் இறுகியது. தோற்றம் பற்றிய இவ்விதி உலோகத்துக்கே உரியது. ஆகையால் கருநிற நெகிழியில் செய்யப்பட்ட ஏர்சாஃப்ட் துப்பாக்கிகள் தடையின்றி விற்கப்பட்டன.

2005இல் சாலையில் சென்ற வாகனங்கள் மீது, ஆற்றல் கூட்டப்பட்ட ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளால் சுடப்பட்ட நிகழ்வுகள் நடந்தன. இதனைத் தொடர்ந்து 2006இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. அதன்படி குண்டின் ஆற்றல், அதன் குறுக்குவெட்டுப் பரப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 ஜூலுக்குக் குறைவாக இருக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் குண்டுக்கு இது ஏறத்தாழ 0.989 ஜூல் ஆகும், அதாவது 0.2 கிராம் குண்டு நொடிக்குச் சுமார் 99 மீட்டர் வேகத்தில் செல்லலாம். ஒப்பீட்டளவில், 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டாவின் ஆற்றல் சுமார் 500 ஜூல் ஆகும்.

பிரித்தானியா

1996 மார்ச்சு 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் நகரப் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் விளைவாக 1997இல் கைத்துப்பாக்கிகள் அங்கு ஏறத்தாழ முழுமையாகத் தடை செய்யப்பட்டன.

வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம் 2006இல் நிறைவேறியது. அதன்படி 2007 அக்டோபர் 1 முதல் உண்மை போன்ற போலித் துப்பாக்கிகளை உருவாக்குவதும், இறக்குமதி செய்வதும், விற்பதும் குற்றமாகும். அருங்காட்சியகம், நாடகம், திரைப்படம், வரலாற்று மீள்நடிப்பு, ஒழுங்குபடுத்தப்பட்ட ஏர்சாஃப்ட் விளையாட்டு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. பளிச்சிடும் சிவப்பு, மஞ்சள், நீலம் போன்ற நிறங்களில் அல்லது ஒளிபுகும் பொருளில் அமைந்தவை இத்தடைக்கு உட்படுவதில்லை. எவ்வகைப் போலித் துப்பாக்கியையும் 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்கக் கூடாது.

சுடுதிறனுக்கான எல்லை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரையறுக்கப்பட்டது. தொடர்ந்து சுடுபவற்றுக்கு 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடுபவற்றுக்கு 2.5 ஜூல் என்பதே அவ்வெல்லை.

பிற நாடுகள்

ஜெர்மனியில் 0.5 ஜூலுக்கு மேற்படாதவை விளையாட்டுப் பொருட்களாகக் கருதப்படுகின்றன. எனினும் போர்க்கருவி போலத் தோன்றுபவற்றைப் பொது இடங்களில் ஏந்திச் செல்வது 2008 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ஹாங்காங்கில் 2 ஜூலுக்கு மேற்பட்டவை படைக்கலங்களாகக் கருதப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம், விற்பனைக்கு வரும் போலித் துப்பாக்கிகளின் குழல் வாயில் செம்மஞ்சள் நிற அடையாளம் இருக்க வேண்டும் என்கிறது.

ஆபத்துகள்

ஒரு ஜூலுக்குக் குறைந்த ஆற்றலுள்ள குண்டும் கண்ணில் பட்டால் பார்வையைப் பறிக்கக்கூடும். எனவே விளையாடுவோர் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது இன்றியமையாதது.

தோற்றத்தால் வரும் ஆபத்து இதனினும் பெரிது. 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில் ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவன், காவலர் வாகனம் வந்து நின்ற சில நொடிகளில் சுடப்பட்டு, மறுநாள் உயிரிழந்தான். அவனிடம் இருந்த துப்பாக்கியில் செம்மஞ்சள் அடையாளம் இல்லை. எதிரில் நிற்பவரால் துப்பாக்கியின் ஆற்றலை அளக்க முடியாது; தோற்றத்தை மட்டுமே காண முடியும். இக்காரணத்தால் விளையாட்டுத் திடலுக்கு வெளியே இவற்றை மூடிய உறைக்குள் வைத்தே எடுத்துச் செல்லுமாறு விளையாட்டு அமைப்புகள் அறிவுறுத்துகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* காற்றுத் துப்பாக்கி
* பெயின்ட்பால்
* மாக்னசு விளைவு